மல்லாந்து படுக்கவும், பேச வேண்டாம்

2003 நவம்பர் 12, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வெப்பமானி பதினாறு காட்டியது. மூடுபனியில் எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்களில் முதல் வரிசை மட்டும் தெரிந்தது. முந்தின நாள் கருவிகளைப் பிரஷர் குக்கரில் வைத்து இருபது நிமிடம் அவித்தேன். அது அவியும் நேரத்தில் சவரம், குளியல். ஏழேகாலுக்கு மூன்று இட்லி. எட்டு மணிக்குக் கிளினிக்கின் முன்கதவைத் திறந்தேன். பதினொன்றரை வரைக்கும் ஏழு பேரைப் பார்த்தேன். நான்கு பல் பிடுங்கல், இரண்டு அடைப்பு, மாத்திரை மட்டும் வாங்கிப் போனவர் ஒருவர். எல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கொல்லிமலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மருத்துவமனையில் பல் மருத்துவனாக இருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை கிளினிக்கின் பின்னறையில் தங்குவேன். குடும்பம் மலைக்குக் கீழே இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. வந்தவர் வாழவந்தி நாட்டைச் சேர்ந்தவர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. என்னிடம் தாடைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த விவசாயியின் மச்சினன். வண்டியை ஸ்டாண்டு போடாமலேயே பேசினார்.

"டாக்டருங்க, மாமா போயிட்டாருங்க. அவங்க அக்கா ஒப்பாரி வெச்சதும் எங்கூட்டுக்காரி உங்ககிட்டச் சொல்லிப்போட்டு வரச் சொன்னா."

அந்த விவசாயி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையிறங்க வேண்டியவர். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அவருக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒரு படுக்கைக்காக ஏழு வாரம் கடிதம் எழுதியும் போன் செய்தும் காத்திருந்தோம். கழுத்துக்குள் ஏதாவது இரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்று நினைத்தேன். அவருடைய கோப்பை எடுத்துக்கொண்டு, கிளினிக்கைப் பூட்டிவிட்டு மொபெட்டின் பின்னால் ஏறினேன்.

போகும் வழியில் நினைத்தவற்றை இங்கே எழுதினால்தான் பின்னால் நடந்தது புரியும்.

அவர் முதன்முதல் என்னிடம் வந்தது 2000-இல். புகையிலை அடக்கி அடக்கி இடது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். நான்தான் கீழே அனுப்பினேன். புற்றுநோய் என்று உறுதியானது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். மலையில் எல்லோரும் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். ஆறரை வாரம் வைத்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் அந்தச் சிகிச்சை தாடையெலும்புக்குள் போகும் நுண்ணிய இரத்தக்குழாய்களையும் சுருக்கிவிடும். எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும், உயிர் மட்டும் இருக்காது. அதில் ஒரு காயம் பட்டால் ஆறாது. அதனால் என்னைக் கேட்காமல் எந்தப் பல்லையும் எடுக்கக் கூடாது என்று அவரிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். 2002 கடைசியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப்பல்லை அவரே நூல் கட்டி இழுத்துவிட்டார். அந்தக் குழி மூடவேயில்லை. ஒன்பது மாதம் கழித்து, செப்டம்பரில் ஒரு விடியற்காலை, காட்டில் பன்றிக்குக் காவல் இருந்தபோது கொட்டாவி விட்டிருக்கிறார்.

"படக்னு ஒரு சத்தமுங்க. காஞ்ச மரவள்ளிக் குச்சிய முறிச்ச மாதிரி. பக்கத்துல எவனோ முறிக்கறான்னுதான் நெனச்சேன்" என்று அவர் சொன்னார்.

சாதாரணமாக உடைந்த தாடையென்றால் மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டால் ஆறு வாரத்தில் கூடிவிடும். இவருக்குக் கம்பி கட்ட அந்தப் பக்கம் பல் இல்லை. செத்த எலும்பு கூடவும் செய்யாது. பெரிய மருத்துவமனையின் அறுவை மருத்துவர் எனக்கு எழுதிய கடிதம் தெளிவாக இருந்தது. செத்த பகுதியை நல்ல இரத்தம் கசியும் எலும்பு வரை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் உலோகத் தகடு வைத்து இணைக்கலாம். தாடை தன் வடிவத்தில் நிற்கும், அவர் மென்று சாப்பிடலாம். ஆனால் அதுவரை வெளித்தோல் திறக்காமல் இருக்க வேண்டும். உடைந்த எலும்பின் முனை தோலைக் குத்தி வெளியே வந்துவிட்டால் அந்த வழியே கிருமி நுழையும். பிறகு தகடு வைக்க முடியாது, பாதித் தாடையை எடுத்துவிட்டு அப்படியே மூட வேண்டியதுதான்.

ஆகவே என் வேலை ஒன்றே ஒன்று. அந்தத் தோலைக் காப்பாற்றுவது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாயைக் கழுவி, தாடைக்கடியில் சிவந்திருந்த இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அகலமான வெள்ளைத் துணியின் இரு முனைகளையும் இரண்டிரண்டாகக் கிழித்து நாலு வால் கட்டுப் போடுவேன். நடுத்துணி மோவாயைத் தாங்கும். இரண்டு வால் உச்சந்தலையில் முடிச்சு, இரண்டு வால் பிடரியில் முடிச்சு. கல்லூரியில் கற்றது அப்படித்தான். அவர் மனைவிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பதால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்திருந்தேன். மல்லாந்து படுக்கவும். பேச வேண்டாம். வாயைத் திறக்க வேண்டாம். கட்டை அவிழ்க்க வேண்டாம்.

திங்கட்கிழமை, நவம்பர் 10-ஆம் தேதிக் குறிப்பு: தோல் முழுசு. சிவப்பு 2 செ.மீ. எடை 41 கிலோ.

மொபெட் மேட்டில் திணறியது. கடைசிக் கால் மைல் இறங்கி நடந்தோம். வீட்டை நெருங்கும்போது அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கயிற்றுக் கட்டிலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நான் போட்ட கட்டு தலையில் அப்படியே இருக்க, அவர் உட்கார்ந்திருந்தார்.

மச்சினன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலருகே போனார்.

"ஏன் மாமா, நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டு வந்துட்டேன். ஆலத்தூர் நாட்டுல இருந்து பங்காளிக கெளம்பிட்டாங்க. மேளத்துக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்து குத்த வெச்சு உக்காந்திருக்கறீங்களே, வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நோயாளி சிரிக்க முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "வாங்க டாக்டரு. செத்தவனுக்கு ஊசி போட வந்தீங்களாக்கும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நோயாளியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னையே பார்த்தார்.

நடந்ததை மனைவிதான் சொன்னார். வெயில் வந்ததும் கணவரைக் கட்டிலோடு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வலிக்கு நான் கொடுத்திருந்த மருந்தில் அவர் தூங்கிவிட்டார். குளிருக்கு ஒரு வெள்ளை வேட்டியைக் கழுத்து வரை போர்த்திவிட்டு மனைவி ஓடைக்குப் போனார். அந்த நேரத்தில், மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் தம்பியைப் பார்ப்பதற்காக, அக்கா ஆலத்தூர் நாட்டிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருக்கிறார். ஒற்றையடிப் பாதை திரும்பியதும் அவர் கண்ணில் பட்டது, வாசலில் மல்லாந்து, கால் நீட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, வாய்க்கட்டுக் கட்டிய தம்பி.

எங்கள் பக்கம் உயிர் போனதும் வாய் திறந்துகொள்ளாமல் இருக்க மோவாயிலிருந்து உச்சந்தலை வரை ஒரு துணியைக் கட்டுவார்கள். என் தகப்பனாருக்கு நானே கட்டியிருக்கிறேன். ஆனாலும் பத்து வாரமாக அதே முடிச்சை, அதே உச்சியில், வெள்ளைத் துணியில் போட்டபோது ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை. என் முன்னால் அவர் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததில்லை. மல்லாந்து படு, பேசாதே, வாயைத் திறக்காதே. நான் எழுதிக் கொடுத்ததை அவர் ஒன்று விடாமல் செய்திருந்தார்.

"உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேனுங்க" என்றார் மனைவி. "ராத்திரியில எந்திரிச்சு மூக்குக்கிட்ட கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் மறுபடி படுப்பேன். தெனமும். வைத்தியம்னா அப்படித்தான் இருக்கும்னு உட்டுட்டேன்."

அக்கா சுவரோரம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். வாழைப்பழம் பாதையிலேயே சிதறிக் கிடந்தது. யாரும் பொறுக்கவில்லை. மச்சினன் அவரிடம் குனிந்து, "பரவாயில்லீங்க்கா, நல்லாத்தான் பாடினீங்களாம். மாமா முழுசாக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சாராம்" என்றார். அந்த அம்மாள் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்ததும் சிரிப்பு நின்றது. அவர் கட்டிலில் இருந்தவரின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எங்க பாட்டன் காலத்துலகூட உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வெச்சதாக் கேட்டதில்லீங்க. வெச்சாச்சு. சாவுச் சேதியும் எல்ல தாண்டிப் போயிருச்சு. இப்ப அவன மலையெறக்கறதா வேண்டாமான்னு நாஞ் சொல்ல முடியாது. சாமிதான் சொல்லோணும்."

"வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அங்கே இருக்கணுங்க. இல்லேன்னா அந்தப் படுக்கை வேற ஆளுக்குப் போயிடும். மறுபடி எப்போ கிடைக்கும்னு தெரியாது. அதுவரைக்கும் தோல் தாங்காது" என்றேன்.

"பூப் போட்டுக் கேக்க அஞ்சு நிமிசந்தானுங்க. பூசாரி காட்டுல இருந்து வரோணும்."

"சாமி வேண்டாம்னு சொன்னா?"

"சொன்னா வேண்டாந்தானுங்க."

அங்கே நின்று அரைமணி நேரம் வாதாடினேன். தாடை எலும்பின் படத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். கடிதத்தைத் தமிழில் வாசித்தேன். ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "நீங்க சொல்றது அத்தனையும் வாஸ்தவமுங்க" என்றார். ஆனால் முடிவை மாற்றவில்லை. நோயாளியிடம் கேட்டேன். அவர் கோயில் இருந்த திசையைக் கையால் காட்டினார்.

பூசாரி மூன்றே முக்காலுக்கு வந்தார். குளித்துவிட்டு வர இன்னும் அரைமணி. இரண்டு இலைப் பொட்டலங்கள், ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் போகலாம். பொட்டலங்களைச் சாமி காலடியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கிப் பிரிக்காமல் மச்சினன் பக்கம் நீட்டினார். மச்சினன்தான் பிரித்தார். வெள்ளை.

நேரம் நான்கு முப்பத்தைந்து. நானும் கைகூப்பினேன். அப்படியொரு நிம்மதியை அந்த ஆண்டு முழுவதும் நான் உணர்ந்ததில்லை.

கோயிலிலிருந்து திரும்பி வந்ததும் பயணத்துக்குப் புதுக்கட்டு ஒன்று போட்டுவிடலாம் என்று பழையதை அவிழ்த்தேன். இடது பக்கத் துணியின் உள்மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறை. மஞ்சளும் சிவப்பும் கலந்து ஈரமாக இருந்தது. தாடைக்கடியில் திங்கட்கிழமை வெறும் சிவப்பாக இருந்த இடத்தில் மிளகளவு ஓர் ஓட்டை. அதற்குள் பழுப்பு நிறத்தில் எலும்பு முனை தெரிந்தது. அவரைக் கொஞ்சம் தண்ணீர் விழுங்கச் சொன்னேன். ஒரு சொட்டு அந்த ஓட்டை வழியே வெளியே வந்து கழுத்தில் இறங்கியது.

வந்ததும் அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். நான்கு மணி நேரம் சாமி என்ன சொல்லுமோ என்ற ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பே பார்த்திருந்தாலும் தோல் திறந்தது திறந்ததுதான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நான்கு மணி நேரத்தை இன்றும் என் கணக்கிலேயே வைத்திருக்கிறேன்.

"அக்கா அழுதுட்டே ஓடியாந்து எம்மேல உளுந்துச்சு" என்று அவர் கட்டு இல்லாத வாயால், எச்சில் ஒழுக, மெதுவாகச் சொன்னார். "மூஞ்சியப் புடிச்சு மாருல வெச்சு அமுக்கிருச்சு. உள்ள என்னமோ குத்துன மாதிரி இருந்துச்சுங்க." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நான் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார்.

அக்கா எழுந்து வந்துவிட்டிருந்தார். கறை பட்ட துணி என் கையில் இருந்தது.

"நான் உளுந்ததுனாலயாங்க சாமி?"

நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. ஆனால் வாய் தானாகச் சொன்னது. "இல்லீங்கம்மா. ரெண்டு மூணு நாளா உள்ளுக்குள்ளயே வந்துக்கிட்டிருந்தது. இன்னிக்கு வெளியே வந்திருக்கு. உங்களால இல்லை."

"நெசமாலுமாங்க?"

"நெசந்தான்."

அந்த அம்மாள் என் காலைத் தொடக் குனிந்தார். நான் நகர்ந்துகொண்டேன். நோயாளி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அறுவை மருத்துவரிடம் போனில் பேச எஸ்டிடி பூத் இருந்த ரோட்டுக்கு நடந்தேன். மனைவியும் கூட வந்தார். பாதி வழி வந்தோம். பிறகு கேட்டார்.

"திங்கக்கெழம தோலு நல்லா இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

நான் பாதையைப் பார்த்து நடந்தேன்.

"செரி" என்றார். "நங்கையாகிட்ட அது அப்படியே இருக்கட்டுமுங்க. எங்க மாமியா போனப்புறம் தம்பியத் தூக்கி வளத்தது அவுங்கதான்."

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு லைன் கிடைத்தது. அறுவை மருத்துவரிடம் தோல் திறந்துவிட்டதைச் சொன்னேன். கட்டாயம் அழைத்து வாருங்கள், படுக்கை இருக்கிறது, ஆனால் இனித் தகடு இல்லை என்றார். இடது பாதித் தாடையை எடுத்துவிட்டு, மார்புச் சதையைத் திருப்பி மூடப் போவதாகச் சொன்னார். பூத்தின் கண்ணாடிக்கு வெளியே அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். வெளியே வந்து, அவர் இனி மென்று சாப்பிட முடியாது, கூழும் கஞ்சியும்தான் என்று சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அவருகிட்ட நானே சொல்லிக்கறேனுங்க. நீங்க வேண்டாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அறுவை நடந்தது. ஐந்து வாரம் கழித்து அவர் மலையேறி வந்தபோது முகத்தின் இடது பக்கம் உள்வாங்கியிருந்தது. மோவாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் உயிரோடு இருந்தார். மிளகு பறிக்கும் மாதங்களில் ஏணியில்கூட ஏறினார். விருந்துகளுக்கு மட்டும் போகவில்லை. நாலு பேர் முன்னால் ஒழுகவிட்டுச் சாப்பிட வெட்கம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் நுரையீரலில் கஞ்சி இறங்கிச் சளி கட்டி இறந்தார்.

அதற்குப் பிறகு இதே போல் தாடை உடைந்து மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். நான் கட்டை நிறத்துணியில் போட்டேன். உச்சியில் முடிச்சுப் போடாமல் காதோரம் போட்டேன். மல்லாந்து படுக்கவும் என்பதை அடித்துவிட்டு, தலையணை மூன்று வைத்துச் சாய்ந்து உட்காரவும் என்று எழுதினேன். வீட்டில் உள்ளவர்களை மட்டுமல்லாமல், பார்க்க வரக்கூடிய உறவினர் யார் யார் என்று கேட்டு, முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லியனுப்பச் சொன்னேன். அந்த மூவரில் இருவருக்குத் தகடு வைக்க முடிந்தது.

நவம்பர் 13, வியாழக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். அவர்கள் முதல் பஸ்ஸுக்கு வரும் வழியில் கிளினிக்கில் நின்று கட்டு மாற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அக்காவும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறார் என்று மச்சினன் முந்தின மாலையே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கே உள்ளவர்கள் நான் கொடுத்தனுப்பும் கடிதத்தை வாசித்துவிட்டு, அதில் உள்ளதைக் கூட வந்தவர்களிடம்தான் கேட்பார்கள். அதனால் அடுப்புக்கூடப் பற்றவைக்காமல், முதல் வேலையாக மேசையில் உட்கார்ந்து, தோல் முழுசு என்று முன்பே எழுதி ஒட்டி வைத்திருந்த அந்தக் கடித உறையைக் கிழித்தேன். புதிய தாளில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். தேதிகள், மருந்துகள், எடை, ஓட்டையின் இடம். தோல் எப்படித் திறந்தது என்ற இடத்துக்கு வந்ததும், தானாகவே திறந்தது, வெளிக்காரணம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.